வான் பாஸ்டனின் கணுக்கால்: டேக்கிள் முடித்ததா, அவசரம் முடித்ததா?

பழைய_ரசிகன்

காயத்தால் பாதியில் நின்றுபோன கால்பந்து வாழ்க்கைகளைப் பற்றிப் பேச்சு எடுத்தால் நெதர்லாந்தின் முன்வரிசை வீரர் மார்கோ வான் பாஸ்டன் பெயர்தான் முதலில் வரும். வரட்டும், நியாயம்தான். ஆனால் அந்தக் கதையை எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். இத்தாலியில் தடுப்பாட்டக்காரர்கள் பின்னாலிருந்து உதைத்து உதைத்தே அவர் கணுக்காலை முடித்துவிட்டார்கள் என்று. எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு.

அவர் இத்தாலிக்குப் போவதற்கு முன்பே ஆரம்பித்த விஷயம் இது. 1986 டிசம்பர், அவர் ஆடிய நெதர்லாந்து கிளப் அயாக்ஸுக்கும் குரோனிங்கனுக்கும் ஆட்டம். யாரும் அவரை வெட்டவில்லை. அவரே எதிரணி ஆளிடமிருந்து பந்தைப் பிடுங்கப் பாய்ந்தார், கணுக்கால் போனது. அப்போது வயது 22. அந்த சீசன் அயாக்ஸுக்குப் பயிற்சியாளர் யோஹான் கிரைஃப். சில லீக் ஆட்டங்களில் ஓய்வு எடுத்துக்கொள், ஐரோப்பிய ஆட்டங்களுக்கு மட்டும் வந்துவிடு என்று இருவருக்கும் ஒரு ஏற்பாடு. இதைப் பின்னாளில் வான் பாஸ்டனே வெளியில் சொல்லியிருக்கிறார். 1987 மே 13, ஏதென்ஸில் கப் வின்னர்ஸ் கப் ஃபைனல், எதிரே லோகோமோட்டிவ் லைப்சிக். 1-0. தலையால் முட்டி அந்த ஒரே கோலை அடித்தவர் வான் பாஸ்டன். கோப்பை அயாக்ஸுக்கு. கணுக்கால்?

அடுத்து இத்தாலியின் மிலான் கிளப். முதல் சீசனில் லீக்கில் 11 ஆட்டம்தான் ஆட முடிந்தது, மீதி ஆபரேஷனும் ஓய்வும். அதற்கப்புறம் வந்த நான்கைந்து வருடங்கள் நம் எல்லாருக்கும் தெரியும். 1988, 1989, 1992 என்று மூன்று பாலன் டி ஓர், அதாவது ஐரோப்பாவின் சிறந்த வீரர் விருது. 1991-92இல் மிலான் லீக்கில் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை, அவர் 25 கோல். 1992 நவம்பர் 25 அன்று கோதன்பர்க் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நான்கு கோல். அடுத்த மாதமே மறுபடி ஆபரேஷன்.

கடைசி ஆட்டம் 1993 மே 26, சாம்பியன்ஸ் லீக் ஃபைனல். மார்செய் 1-0 என்று வென்றது. இடம் மியூனிக் ஒலிம்பிக் மைதானம். 1988 யூரோ ஃபைனலில் சோவியத் அணிக்கு எதிராக அந்த வாலியை (பந்து தரையில் விழுமுன்பே அடிக்கும் அடி) அடித்த அதே மைதானம். வயது 28. பிறகு இரண்டு வருடம் சிகிச்சை, முயற்சி, மறுபடி சிகிச்சை. 1995 ஆகஸ்டில் ஓய்வு அறிவித்தார். சான் சீரோவில் ரசிகர்களுக்குக் கையசைத்தபடி சுற்றி வந்தபோது பயிற்சியாளர் கபெல்லோ அழுதார்.

என் கேள்வி இதுதான். அவரை முடித்தது அடியா, அடிபட்ட காலோடு திரும்பத் திரும்ப இறக்கிவிட்டதா? என் பதில் இரண்டாவது.

இடதுகால்

அண்ணா, தேதிகளில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் டேக்கிள்களை, அதாவது பந்தைப் பறிக்கக் காலை விட்டுப் பாய்வதை, இவ்வளவு லேசாகத் தள்ளிவிடாதீர்கள். அந்தக் காலத்து ஆட்டங்களின் முழுப் பதிவுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முன்வரிசைக்காரர் கோலுக்கு முதுகைக் காட்டிப் பந்தை வாங்கும்போது பின்னாலிருந்து இரண்டு கணுக்காலையும் சேர்த்து வழித்துக்கொண்டு போவார்கள். நடுவர் ஃப்ரீ கிக் கொடுப்பார், ஆட்டம் தொடரும். அடித்தவன் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவான். ஐந்தாவது தடவைதான் அட்டை வெளியே வரும்.

பின்னாலிருந்து வந்து எதிராளியின் உடலுக்கு ஆபத்து உண்டாக்கும் டேக்கிளுக்கு ரெட் கார்டு என்று விதியில் தெளிவாக எழுதியதே 1998இல்தான். அதாவது வான் பாஸ்டன் ஓய்வு பெற்று மூன்று வருடம் கழித்து. அதே விதி பத்து வருடம் முன்னால் வந்திருந்தால் அவர் 1994 உலகக் கோப்பையில் ஆடியிருப்பார் என்றே நான் நம்புகிறேன்.

மரடோனாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1983 செப்டம்பரில் பில்பாவோவின் கோய்கோச்சியா பின்னாலிருந்து வந்து கணுக்காலை முறித்தார். அதெல்லாம் தற்செயலா?

முழங்கால்_பிசியோ

மரடோனா பெயர் வந்தது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் வித்தியாசமே அங்கேதான் இருக்கிறது. மரடோனாவுக்குக் கணுக்கால் முறிந்தது, தசைநார் கிழிந்தது. பார்க்கவே பயங்கரம். ஆனால் அடுத்த ஜனவரியில் ஆட வந்துவிட்டார், 1986இல் உலகக் கோப்பையைத் தூக்கினார். வான் பாஸ்டனுக்கு அப்படிப் பயங்கரமாக ஒரு நாளும் எதுவும் நடக்கவில்லை. அவர்தான் திரும்பி வரவில்லை.

காரணம் என்னவென்றால், எலும்புக்கு ரத்த ஓட்டம் உண்டு. முறிந்தால் சேரும், சில சமயம் நன்றாகவே சேரும். மூட்டுக்குள் எலும்பின் நுனியைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாயே கிடையாது. அதனால் ஒருமுறை தேய்ந்தால் பழையபடி வளராது. கணுக்காலில் அந்தப் போர்வை சுமார் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் கனம்தான். ஓடும்போது, குதித்து இறங்கும்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு அதன் மேல் விழுகிறது.

இன்னொரு மோசமான விஷயம், குருத்தெலும்பில் நரம்பும் கிடையாது. தேய ஆரம்பிக்கும்போது வலிக்காது. அடியிலிருக்கும் எலும்பு உரச ஆரம்பிக்கும்போதுதான் வலி நன்றாகத் தெரியும், அதற்குள் பாதி போயிருக்கும். அந்த நேரத்தில் மரத்துப்போகும் ஊசியைப் போட்டு இறக்கினால் வீரர் ஓடுவார், குதிப்பார், கோலும் அடிப்பார். நிற்கச் சொல்லும் ஒரே குரலை வாயடைத்துவிட்டோம், அவ்வளவுதான். கார்டிசோன் ஊசி வீக்கத்தைக் குறைக்கும். ஆனால் ஒரே மூட்டில் திரும்பத் திரும்பப் போட்டால் அதுவே குருத்தெலும்பைக் கெடுக்கும்.

கடைசி வழி மூட்டை இணைப்பது. கால் எலும்பையும் கணுக்கால் எலும்பையும் ஸ்க்ரூ போட்டு ஒன்றாக்கிவிடுவார்கள். வலி போகும், கூடவே மடங்கும் தன்மையும் போகும். ஓய்வுக்குப் பிறகு வான் பாஸ்டன் அதைத்தான் செய்துகொண்டார். ஆடும்போது செய்ய முடியாது, செய்தால் அப்புறம் ஆட்டமே இல்லை.

அதனால் பழைய_ரசிகன் பக்கம்தான் என் சாய்வு. இடதுகால் சொல்லும் உதைகளும் அதே மூட்டில்தான் விழுந்தன, அதை மறுக்கவில்லை. ஏற்கெனவே தேய்ந்த மூட்டில் விழுந்ததால்தான் அவை அவ்வளவு கெடுதல் செய்தன.

கோல்கம்பம்

நீங்கள் மூன்று பேரும் வீரரைக் கேட்கவே இல்லையே. 1988 யூரோவில் முதல் ஆட்டம் அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். அப்புறம் இங்கிலாந்துக்கு எதிராக மூன்று கோல், செமி ஃபைனலில் மேற்கு ஜெர்மனிக்கு எதிராக 88ஆவது நிமிடம் வெற்றி கோல், ஃபைனலில் அந்த வாலி. இடப்பக்கமிருந்து சக வீரர், 37 வயது முரென் தூக்கி அடித்த பந்து மேலே போய் மெதுவாக இறங்குகிறது. வான் பாஸ்டன் வலப்பக்க ஓரத்தில், அங்கிருந்து கோலே சரியாகத் தெரியாது. தரையில் விழவிடாமல் அடித்தார். சோவியத் கோல்கீப்பர் தசாயேவ் கையை உயர்த்துவதற்குள் பந்து அவர் தலைக்கு மேலே போய் வலைக்குள் இறங்கிவிட்டது. சில மாதம் முன்பு ஆபரேஷன் முடித்த ஆள் இது.

அன்று ஒரு நல்ல டாக்டர் "ஒரு வருடம் உட்கார்" என்றிருந்தால் அந்த கோல் கிடையாது. 35 வயதுவரை ஆடியிருக்கலாம், சரி. அவரிடமே கேட்டால் எதைத் தேர்ந்தெடுப்பார்?

லெட்லி கிங்கும் அப்படித்தான். டாட்டனம் கேப்டன். முழங்காலில் குருத்தெலும்பு ஏறக்குறைய இல்லை. வாரம் முழுக்க அணியோடு பயிற்சி செய்யாமல் நீச்சல், ஜிம் என்று இருந்துவிட்டு ஆட்டத்தன்று மட்டும் இறங்குவார். 2012இல் 31 வயதில் ஓய்வு. அவரை யாரும் பிடித்துத் தள்ளவில்லை. ஆடவேண்டும் என்ற ஆசைதான்.

பழைய_ரசிகன்

கோல்கம்பம், கிங் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அது வேறு கணக்கு. முழங்காலின் நிலை அவருக்குத் தெரியும், கிளப்புக்குத் தெரியும், ரசிகனுக்கும் தெரியும். தெரிந்துதான் எத்தனை ஆட்டம், எத்தனை நாள் இடைவெளி என்று முடிவு செய்தார்கள். பயிற்சியை விட்டுக்கொடுத்து ஆட்டத்தைக் காப்பாற்றினார்கள். உடம்புக்கு ஏற்றபடி ஆட்டத்தைக் குறைத்தார்கள் என்பதுதான் அதில் முக்கியம்.

22 வயதுப் பையன் முன்னால் கிரைஃப் நிற்கிறார். அவர் பார்த்து வளர்ந்த ஆதர்சம். அவர் "ஃபைனல் மட்டும் ஆடு" என்றால் அந்த வயதில் யார் மாட்டேன் என்பார்கள்? அதைத் தேர்வு என்று நான் சொல்லமாட்டேன். கிரைஃபைக் கெட்டவர் என்றும் சொல்லவில்லை. இதற்கு மேல் கெட ஒன்றுமில்லை என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கலாம். ஆனால் கோப்பை வேண்டியவர் கையில் அந்த முடிவு இருக்கக்கூடாது. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி.

மழைத்திடல்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் இரண்டாம் டிவிஷனில் ஒப்பந்தத்தில் ஆடியவன், முழங்காலால் நிறுத்தியவன். கிளப் பெயர் வேண்டாம்.

வெளியில் இருப்பவர்கள் ஊசி என்றால் யாரோ கட்டாயப்படுத்திப் போடுவதாக நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. ஆட்டத்துக்கு முன்னால் டாக்டர் பெஞ்ச் பக்கத்தில் வந்து குனிந்து, "எப்படி இருக்கு?" என்று கேட்பார். நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்குப் பின்னால் இரண்டடி தள்ளிப் பயிற்சியாளர் நிற்பார், நம்மைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு. எதிர் பெஞ்சில் நம் இடத்துக்குக் காத்திருக்கும் 19 வயதுப் பையன் காலில் டேப் சுற்றிக்கொண்டிருப்பான். ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது. இப்போது சொல்லுங்கள், என்ன பதில் வரும்? "பரவாயில்லை டாக்டர்" என்பதுதான் வரும். யாரும் வற்புறுத்தவில்லை, எல்லாரும் சேர்ந்து வற்புறுத்திவிட்டார்கள்.

வலி ஆட்டத்தில் தெரியாது. மறுநாள் காலை மாடிப்படியில் தெரியும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து இறங்குவேன். அதை அணியில் யாரும் பார்த்ததில்லை. பார்க்கவிட்டதில்லை.

பணத்தையும் சேர்த்துப் பேசுங்கள். ஃபிஃபா 2012 முதல் ஒரு பாதுகாப்புத் திட்டம் வைத்திருக்கிறது. தேசிய அணிக்கு ஆடப் போய் ஒருவர் 28 நாளுக்கு மேல் ஆட முடியாமல் போனால் அவர் சம்பளத்தை ஈடுகட்டும், 75 லட்சம் யூரோ வரைக்கும். நல்ல திட்டம். ஆனால் அந்தப் பணம் போவது கிளப்புக்கு. அதுவும் ஒரு வருடம்தான். கால் போனவனின் மீதி வாழ்க்கைக்கு அதில் இடமில்லை. எங்கள் மாதிரிக் கீழ் டிவிஷன் ஆட்களுக்குச் சங்கமும் சொந்தக் காப்பீடும் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

இடதுகால்

மழைத்திடல் அண்ணா, எழுதியதற்கு நன்றி. "எல்லாரும் சேர்ந்து வற்புறுத்திவிட்டார்கள்" என்பதை என்னால் கடந்து போக முடியவில்லை.

சங்கம் என்றதும் ஜூஸ்ட் ஃபோன்டேன் நினைவு வருகிறது. 1958 உலகக் கோப்பையில் ஆறு ஆட்டத்தில் 13 கோல், இன்றுவரை ஒரே தொடரில் அதை யாரும் தொடவில்லை. கால் இரண்டு முறை முறிந்து 1962இல், 28 வயதில் நிறுத்தினார். ஆனால் 1961இலேயே பிரான்ஸில் தொழில்முறை வீரர்களுக்கான சங்கத்தை ஆரம்பித்தவர்களில் அவரும் ஒருவர். அவருடைய கோல் கணக்கைச் சொல்லும் கட்டுரைகள் இதைச் சொல்வதே இல்லை. எனக்கு இது அந்த 13 கோலுக்குக் குறைந்ததாகத் தெரியவில்லை.

பிரையன் கிளஃபும் உண்டு. 1962 டிசம்பர் 26, சண்டர்லாந்துக்கும் பரிக்கும் ஆட்டம், கோல்கீப்பரோடு மோதி முழங்கால் தசைநார்கள் போயின. லீக்கில் 274 ஆட்டம், 251 கோல் அடித்த ஆள். 1964இல் திரும்பி வந்து மூன்றே ஆட்டம், அதோடு முடிந்தது. 30 வயதில் பயிற்சியாளர் ஆனார். நாட்டிங்கம் ஃபாரஸ்ட்டோடு 1979, 1980 ஐரோப்பியக் கோப்பைகள்.

கோல்கம்பம்

கிளஃபைச் சொல்லி "காயம்தான் அவரைப் பெரிய ஆளாக்கியது" என்று யாராவது ஆரம்பிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன், அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்காது. ஒரு கிளஃப் வந்தால் பெயர் தெரியாத எத்தனையோ பேர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அதைவிட நார்மன் வைட்சைடு எனக்கு நெருக்கமானவர். 1982 உலகக் கோப்பையில் 17 வயதில் இறங்கி, அதுவரை ஆடியவர்களிலேயே இளையவர் ஆனார். 1985 எஃப்ஏ கோப்பை ஃபைனலில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வெற்றி கோல். முழங்காலால் 26 வயதில் நிறுத்தம். அப்புறம் படித்துப் பாத சிகிச்சை நிபுணர் ஆனார். மற்றவர்கள் காலைப் பார்த்துக் குணப்படுத்தும் வேலை. அமைதியாக, சம்பளத்துக்கு, வருடக்கணக்கில்.

முழங்கால்_பிசியோ

வைட்சைடு சிறுவனாக இருந்தபோதே முழங்காலில் ஆபரேஷன் நடந்தவர். அந்தக் காலத்தில் முழங்காலுக்குள் மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பு வட்டு (மெனிஸ்கஸ்) கிழிந்தால் மொத்தமாக எடுத்துவிடுவதுதான் வழக்கம். எடுத்தால் மூட்டு சீக்கிரம் தேயும் என்று ஃபேர்பேங்க் என்ற மருத்துவர் 1948லேயே எழுதிவிட்டார். ஆனாலும் அதற்கப்புறம் பல வருடம் எடுத்துக்கொண்டேதான் இருந்தார்கள், எடுத்தால் ஆள் சீக்கிரம் எழுந்து ஓடுவான் என்பதால். இன்று முடிந்தவரை தைத்து வைக்கப் பார்க்கிறோம். தைத்தால் ஆட வர மாதங்கள் ஆகும். அந்த மாதங்களைக் கேட்டு வாங்குவதுதான் எங்கள் வேலையிலேயே கஷ்டமான பகுதி.

எதிரணியின் டேக்கிள் இல்லாமலே முடிந்தவர்களும் உண்டு, இடதுகால். வெஸ்ட் ஹாமின் டீன் ஆஷ்டனுக்கு 2006 ஆகஸ்டில் கணுக்கால் போனது இங்கிலாந்து அணியின் பயிற்சியில், சொந்த அணிக்காரரின் டேக்கிளில். 26 வயதில் ஓய்வு. எந்த விதியை மாற்றியும் அதைத் தடுத்திருக்க முடியாது.

இடதுகால்

ஒத்துக்கொள்கிறேன், ஆனால் விதியால் தடுக்கக்கூடியதைத் தடுக்கவேண்டும் என்பதிலிருந்து நான் நகரமாட்டேன். ரையன் மேசனைப் பாருங்கள். 2017 ஜனவரியில் செல்சீக்கு எதிராகத் தலையோடு தலை மோதி மண்டையோடு முறிந்தது, அடுத்த பிப்ரவரியில் 26 வயதில் ஓய்வு. தலையில் அடிபட்டவருக்குக் கூடுதல் மாற்று வீரரை இறக்கலாம் என்ற விதி சோதனையாக வந்தது 2021இல், நிரந்தரமானது 2024இல். பயிற்சியாளர் ஒரு மாற்றை இழக்கவேண்டியதில்லை என்றால் டாக்டர் தயங்காமல் ஆளை வெளியே கூப்பிடுவார். பழைய_ரசிகன் கேட்பதும் இதைத்தானே? முடிவெடுப்பவரின் கையைக் கட்டாத விதி.

பழைய_ரசிகன்

அதேதான்.

அகல்யா_த

இந்த இழையை நடுவில் பிடித்தேன், மன்னிக்கவும். என் தம்பிக்கு 17 வயது, ஒரு கிளப்பின் இளையோர் அணியில் இருக்கிறான். கணுக்கால் பிசகி மூன்று வாரம் ஆகிறது. நடக்கிறான், மெதுவாக ஓடுகிறான். ஆனால் ஓடி முடித்த அன்று இரவு உள்பக்கமாக ஆழத்தில் வலிக்கிறது என்கிறான், காலையில் வீங்கியிருக்கிறது. வரும் சனிக்கிழமை ஃபைனல். ஒரு ஊசி போட்டால் ஆடலாம் என்று பயிற்சியாளர் சொல்கிறார். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. தம்பி ஆடியே தீருவேன் என்கிறான், வீட்டில் அப்பாவும் அவன் பக்கம். நான் என்ன சொல்வது?

முழங்கால்_பிசியோ

அகல்யா, நேரில் பார்க்காமல் நோய் என்னவென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியதில் இரண்டு விஷயம் கவலை தருகிறது. ஓடிய பிறகு ஆழத்தில் வலி, மறுநாள் வீக்கம். சாதாரணப் பிசகு மூன்று வாரத்தில் இப்படி இருக்காது என்றில்லை, ஆனால் குருத்தெலும்பு அடிபட்டாலும் இப்படித்தான் இருக்கும். அது எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எம்ஆர்ஐ எடுக்கவேண்டும். கிளப்போடு சம்பந்தமில்லாத எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள், இது முக்கியம். அதுவரை ஊசி வேண்டாம். ஒற்றைக் காலில் குதித்து இறங்கச் சொல்லிப் பார்க்கலாமா என்று கேட்பீர்கள், வீட்டில் அதுவும் வேண்டாம்.

மழைத்திடல்

தங்கச்சி, தம்பியிடம் "ஆடாதே" என்று சொல்லாதே. அந்த வயதில் அது காதில் விழாது. "ஸ்கேன் பார்த்துவிட்டு ஆடு" என்று சொல். பயிற்சியாளரிடம் அவனைத் தனியாக அனுப்பாதே, அப்பாவைக் கூட அனுப்பு. ஊசியில் என்ன மருந்து, யார் போடுகிறார், ஏன் போடுகிறார் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேட்கட்டும். நேர்மையான கிளப் என்றால் கொடுக்கும். இன்னொன்று, மாடிப்படியில் எப்படி இறங்குகிறான் என்று அவனுக்குத் தெரியாமல் பார்.

அகல்யா_த

பார்த்தேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறான்.

அப்பாவிடம் இந்த இழை முழுவதையும் படிக்கக் கொடுத்தேன். மழைத்திடல் அண்ணா எழுதியதை இரண்டு முறை படித்தார். நாளை மறுநாள் எம்ஆர்ஐ, வெளி மருத்துவரிடம். எழுதிக் கேட்டதும் பயிற்சியாளர் ஊசிப் பேச்சை விட்டுவிட்டார், ஆனால் முகம் சரியில்லை என்றார் அப்பா. தம்பி என்னோடு பேசுவதில்லை. ஃபைனலுக்கு அணியோடு போவான், ஆனால் ஆடமாட்டான். ரிப்போர்ட் வந்ததும் இங்கேயே போடுகிறேன், பிசியோ சார் பார்த்துச் சொல்லுங்கள்.

முழங்கால்_பிசியோ

போடுங்கள். பெயரையும் பிறந்த தேதியையும் மறைத்துவிட்டுப் போடுங்கள். ரிப்போர்ட்டின் முடிவுரை மட்டும் போதாது, டாலஸ் என்ற கணுக்கால் எலும்பைப் பற்றி எழுதியிருக்கும் பத்தி முழுவதும் வேண்டும்.